கடல் கடந்த சட்டமும் நம் சம்பளச் சீட்டும்



அண்மையில் ஒரு மாலை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த நேரம். நம்மிடம் ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார் வாசலில் காத்திருந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

"வாத்தியார் ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. குலை வாங்குற வியாபாரி கொடுத்தாரு. மலாய் எனக்குப் படிக்க வரும், ஆனா இது புரியல. நிலத்துக்கு ஏதோ ரேகை கேட்டிருக்காங்க. எழுதிக் கொடுக்கலேன்னா மில்லுல குலையை எடுக்க மாட்டாங்களாம். கையில இருக்கிற ரேகை போதாதுன்னு நிலத்துக்கும் ரேகையா ஐயா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் முகத்தில் கவலை இருந்தது. ஈஜோக் பக்கத்தில் அவருடைய மாமனாருக்கு மூன்று ஏக்கர் செம்பனை உண்டு. நாற்பது ஆண்டு காலம் தோட்டத்தில் குலை வெட்டிய மனிதர், ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய நிலம் அது. மாதத்தில் இரண்டு வெட்டு. அந்த வருமானத்தில்தான் கிழவரின் மருந்தும் பேத்தியின் பள்ளிச் செலவும் நடக்கின்றன.

அந்தத் தாளில் கேட்டிருந்தவை: நிலத்தின் கிராண்ட் எண், எம்.பி.ஓ.பி. உரிம எண், பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. பூகோளப் பாடத்தில் உலக உருண்டையின்மேல் நாம் கோடு கோடாகக் காட்டுகிறோமே, அவைதான். புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆறு இலக்கம் என்றால் ஒரு சாண் இடத்தைக்கூட மற்றொரு சாணிலிருந்து பிரித்துக் காட்டிவிடலாம். ஈஜோக்கில் இருக்கும் மூன்று ஏக்கரை இவ்வளவு நுட்பமாக அறிந்துகொள்ள விரும்புகிறவர் யார்? அதை விளக்குவதற்காகவே இன்றைய பேச்சை எடுத்துக்கொண்டோம்.

கேட்பவர் வியாபாரி அல்லர், ஆலைக்காரரும் அல்லர். அவர்களுக்கு அப்பால், எண்ணெயை வாங்கும் ஐரோப்பிய நாடுகள் கேட்கின்றன. இருபத்தேழு நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜூன் 29இல் அது சட்டப் புத்தகத்தில் ஏறியது. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை எண்ணெய், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பொருள்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் பல சாமான்களையும் பற்றியது அச்சட்டம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருளாயின், அது ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது. நுழைக்கும் நிறுவனம், பொருள் விளைந்த நிலம் எது என்று காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமாயின், அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கர் வரை, ஒரே ஒரு புள்ளியைக் குறித்தால் போதும். அதற்கு மேற்பட்டால் எல்லையைச் சுற்றி வரைந்து காட்ட வேண்டும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அபராதம் சிறியதன்று. பெரிய நிறுவனங்களின் ஆண்டு வரவில் நூற்றுக்கு நான்கு பங்கு, அதற்கு மேலும் போகலாம்.

இந்தச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வரும் என்றார்கள்; ஓராண்டு தள்ளினார்கள். மறுபடியும் தள்ளினார்கள். 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30ஆம் தேதியும், சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30ஆம் தேதியும் தொடக்க நாள்கள். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே தாள் வந்துவிடுகிறது. ஏனென்றால், பெரிய வியாபாரி கடைசி நாள்வரை காத்திருக்கமாட்டான். முன்கூட்டியே ஆலையைக் கேட்பான். ஆலை வியாபாரியைக் கேட்கும். அவர் நம் மாணவியின் தாயாரைக் கேட்பார்.

இதில் ஒரு மனக்குறை நமக்கும் உண்டு. சொல்லிவிடுகிறோம். இந்தச் சிலாங்கூர் மாநிலத்தில் காட்டை வெட்டி, எரித்து, ரப்பர்க் கன்று நட்டவர்கள் நம் பாட்டன்மார். நடச் சொன்னவர்களோ ஐரோப்பாவிலிருந்து வந்த கம்பெனிகள். நூறாண்டுக்கு முன்பு காட்டை அழிப்பது முன்னேற்றமாக இருந்தது, இன்று குற்றமாகிவிட்டது. மூன்று ஏக்கர்க் கிழவர் காட்டை அழித்தவர் அல்லர். பழைய ரப்பர்த் தோட்டத்தில் செம்பனை நட்டவர். இருந்தும் நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையிலும் வந்து விழுகிறது. மலேசிய அரசும் இந்தோனேசிய அரசும் 2023 மே மாத இறுதியில் தத்தம் பிரதிநிதிகளை ஒன்றாகப் பிரசெல்ஸ் நகருக்கு அனுப்பி, சிறு தோட்டக்காரர்களுக்காக முறையிட்டது இதனாலேதான். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

இருந்தாலும், அந்தச் சட்டத்தில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. செய்தித்தாள்கள் காட்டைப் பற்றி எழுதிய அளவுக்கு அதைப் பற்றி எழுதவில்லை. பொருள் விளைந்த நாட்டின் சொந்தச் சட்டங்களை மீறாமல் அது விளைந்திருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. எந்தச் சட்டங்கள்? நிலவுரிமை, வரி, இவற்றோடு தொழிலாளர் உரிமையும் அப்பட்டியலில் இருக்கிறது. இதன் பொருள் என்ன? ஐரோப்பியர் தங்கள் நாட்டுச் சம்பளத்தை இங்கே கொடுக்கச் சொல்லவில்லை. நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நம் தோட்டங்கள் கடைப்பிடித்தனவா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருக்கும் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

இது வெறும் பேச்சில்லை என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் ஷா ஆலம் நகரத்திலேயே நடந்தது.

ஷா ஆலம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் தோட்டம்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சுங்கை ரெங்கம் தோட்டம் என்று சொன்னால் இன்றும் பழைய ஆட்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். 1978இல் இது சிலாங்கூரின் தலைநகரமாயிற்று. பால்மரம் நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டம் போன பிறகும் ரப்பர் போகவில்லை; கையுறையாக மாறி வந்தது. உலகத்திலேயே மிகப் பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் தலைமையகம் ஷா ஆலத்தைச் சேர்ந்த செத்தியா ஆலமில் இருக்கிறது.

2020இல் கொரோனா நோய் உலகத்தை ஆட்டிப்படைத்தபோது, கையுறைக்குப் பொன்விலை. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில், அந்த நிறுவனத்தின் இரண்டு கிளைகள் செய்த கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா துறைமுகத்தில் நிறுத்தி வைத்தது. வேலையாட்களிடம் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தெரிகின்றன என்பது காரணம். நவம்பரில், கிள்ளான் மேருவில் இருந்த தொழிலாளர் விடுதிகளில் நோய் காட்டுத்தீயாகப் பரவிற்று. ஓர் அறையில் எத்தனை பேர் படுத்துறங்கினார்கள் என்ற செய்தி அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. நம்மில் பலர் அந்தப் பக்கமாகத்தான் தினமும் பஸ்ஸில் போய்வந்தோம். உள்ளே இருந்ததை அறியவில்லை. 2021 மார்ச்சில் தடை நிறுவனம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டது. நீக்கும்போது அமெரிக்கச் சுங்க இலாகா சொன்ன காரணங்களில் ஒன்று, தொழிலாளர்களுக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருப்பித் தரப்பட்டது என்பது.

எதைத் திருப்பித் தந்தார்கள்? வேலைக்கு வருவதற்காக அந்தத் தொழிலாளர்கள் தங்கள் ஊரிலேயே ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்தை. நிலத்தை அடகு வைத்தும், தாலியை விற்றும், வட்டிக்கு வாங்கியும் கட்டிய பணம். அந்தக் கடன் தீரும்வரை, என்ன கொடுமை நடந்தாலும் வேலையை விட்டுப் போகமுடியாது. கடப்பிதழும் கையில் இல்லையென்றால் வாசலைத் தாண்டவும் முடியாது. காவற்காரன் வைத்துக் கட்டிப்போட வேண்டியதில்லை, கடனே கட்டிப்போடும்.

தோட்டங்களுக்கும் இது வந்தது. 2020 செப்டம்பர் 30இல் எப்.ஜி.வி. நிறுவனத்தின் செம்பனை எண்ணெயையும், டிசம்பர் 30இல் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயையும் அமெரிக்கா நிறுத்தியது. கேரித் தீவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த நிறுவனம் சைம் டார்பி. இப்போது எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியிருக்கிறது. ஹாங்காங்கிலிருந்து செயல்படும் லிபர்ட்டி ஷேர்ட் என்ற ஓர் அமைப்பு கொடுத்த மனுவே அந்த விசாரணையின் தொடக்கம். நிறுவனம் வெளி ஆட்களை வைத்துத் தோட்டங்களை ஆராய்ந்தது. ஆட்சேர்ப்புக் கட்டணம் கட்டியிருந்த தொழிலாளர்களுக்கு, முன்பு வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் உட்பட, அதைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. 2023 பிப்ரவரியில் தடை விலகியது.

இத்தனையும் செய்தது எந்தச் சட்டம் என்று நினைக்கிறீர்கள்? 1930இல் அமெரிக்கா இயற்றிய சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 307ஆவது பிரிவு. கட்டாய உழைப்பால் செய்த பொருள் நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறது அது. ஆனால் அதில் ஓர் ஓட்டை வைத்திருந்தார்கள்: அமெரிக்காவுக்குத் தேவையான அளவு அங்கே விளையாத பொருளாயின் வரலாம் என்று. தங்களுக்கு வேண்டிய பொருள் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதுதானே இதன் அர்த்தம்? 2016இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம் என்பது இச்சட்டத்தின் மற்றொரு தன்மை.

அமெரிக்காவைப் பார்த்து மற்ற நாடுகளும் நடக்கின்றன. கனடா 2020 ஜூலையிலிருந்து இத்தகைய பொருள்களைத் தடுக்கிறது. ஜெர்மனியின் பெரிய நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்னும் சட்டம் 2023 ஜனவரியில் தொடங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமே, கட்டாய உழைப்புப் பொருள்களை 2027 டிசம்பர் 14 முதல் தடுக்கவிருக்கிறது. எல்லாமே முன்னேறிப் போகின்றன என்று எண்ணிவிடவும் கூடாது. நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றி ஐரோப்பா 2024இல் இயற்றிய வேறொரு சட்டத்தை, அங்குள்ள முதலாளிமார் முணுமுணுத்த பிறகு, 2025இல் தள்ளி வைத்தார்கள்.

நேயர்களே, இதெல்லாம் புதிய காலத்து விஷயம் என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் பாடம் நடத்தும் பள்ளியே கடல் கடந்த சட்டத்தோடு உறவுள்ளதுதான்.

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த காலத்தில், கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் கடனாக எழுதி, சம்பளத்தில் பிடித்தார்கள். சற்று முன் சொன்ன ஏஜெண்டுக் கடனுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் அதற்குப் பணம் கட்ட வேண்டும்; அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்படும்; வருகிறவன் தலையில் கடன் எழுதக்கூடாது. இன்று 'ஆட்சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும்' என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்களே, அது நூற்றாண்டு கடந்த பழைய பேச்சு. ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் நிறுத்தப்பட்டது.

பிறகு 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் வேண்டுமென்றால் அவர்களை இன்னின்னவாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்று டில்லி சொல்லத் தொடங்கியது. மறு ஆண்டே, 1923இல், மலாயாவில் புதிய தொழிலாளர் சட்டக்கோவை எழுந்தது. தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். ஆட்டுக்கொட்டகை போன்ற இடத்தில் கிராணியோ கங்காணியோ பாடம் சொன்ன பள்ளிகளும் இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த வரி இல்லாவிட்டால் இன்று நம் நாட்டிலுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல இருந்திரா. 1938இல் மலாயாத் தோட்டங்களில் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசு ஜூன் 15 முதல் உதவி பெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளர் பயணத்தையே நிறுத்தியது. அன்று ஆளை அனுப்பும் நாடு நிபந்தனை போட்டது. இன்று பொருளை வாங்கும் நாடு போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அதே தொழிலாளி.

வெளியிலிருந்து வந்த நெருக்கத்தால் உள்ளே என்ன மாறியது என்று இனிப் பார்க்கலாம். இது நம் குடும்பங்களுக்கு நேரடியாக வேண்டியது. சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

கட்டாய உழைப்பைப் பற்றிய அனைத்துலக உடன்பாட்டு இணைப்பு ஒன்றை மலேசியா 2022 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வெளியேற விடாமல் தடுக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதில் தனிப்பிரிவே சேர்த்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 45 மணியாயிற்று. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஓராண்டாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகளோடு. இவை வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மட்டும் அல்ல. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் உரியவை.

தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் இருந்த குடியிருப்புச் சட்டம் 1990ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2019இல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தொழிற்சாலைகளுக்கும் மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இல்லாமல் ஆட்களை விடுதியில் தங்கவைக்கக் கூடாது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இது பொருந்துகிறது. இங்கே தாய்மார்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, டன்னுக்கு இவ்வளவு, குலைக்கு இவ்வளவு என்று வெட்டுக்கூலிதான்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வெட்டுக்கூலியாக இருந்தாலும், டன் கணக்காக இருந்தாலும், மாதக் கடைசியில் கைக்கு வருவது அந்த 1,700க்குக் குறையக்கூடாது என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. பிள்ளைகளைக் கொண்டு 1,700ஐ 26ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நல்ல கணக்குப் பயிற்சி.

சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். பிடித்தம் எதற்காக எவ்வளவு என்று சீட்டில் தனித்தனியே இருக்க வேண்டும். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இது 1966ஆம் ஆண்டுச் சட்டம், புதிதல்ல. "பத்திரமாக இருக்கட்டும் என்று ஆபீசில் வாங்கி வைத்திருக்கிறோம்" என்ற பதில் பல ஆண்டுகளாகச் செல்லுபடியானது. இன்று தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

தணிக்கை என்றதும் ஒரு செய்தி. பெயர் வேண்டாம். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், தணிக்கையாளர் வருவதற்கு முதல் நாள் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கால்வாயை வழித்தார்கள். யார் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் குழாயில் பழையபடி செந்தண்ணீர். பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது நாமும் சுவரில் புதிய படங்களை ஒட்டியிருக்கிறோம். ஆதலால் மிகவும் கடிந்து பேச வாய் வரவில்லை. ஆனால் படம் ஒட்டுவதும் குடிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல.

வேறொரு கேள்வியும் நம் லயங்களில் எழுகிறது. "வங்காளதேசத்துக்காரனுக்கும் நேப்பாளத்துக்காரனுக்கும் ஆயிரக்கணக்கில் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை உழைத்த நமக்கு என்ன கிடைத்தது?" கோபத்தில் பிறந்த கேள்வி, பொய்யான கேள்வி அல்ல. திருப்பித் தரப்பட்டது ஆட்சேர்ப்புக் கட்டணம். அதை நம்மவர் கட்டவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தோட்டத்தில் நம் பையன்களுக்கு வேலை குறைந்ததற்கு ஒரு காரணம், கடனில் மாட்டியவனை வைத்து மலிவாக வேலை வாங்க முடிந்ததுதான். அவனுக்கும் அதே 1,700, அவனுக்கும் அதே 45 மணி என்று ஆகும்போது, அந்த மலிவு கொஞ்சம் குறைகிறது. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. முதலாளி நூற்றுக்கு இரண்டு, தொழிலாளி நூற்றுக்கு இரண்டு. நமக்குக் கட்டுவதைவிட மிகக் குறைவுதான். இருந்தாலும் முன்பு அவனுக்கு அது கட்டாயமே இல்லை. தவிர, அந்த லயத்தில் கடன் கணக்கை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும் பையன் யார்? நம் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவருக்கும் அவன் வயதுதான். சிலர் தமிழ்நாட்டிலிருந்தே வந்தவர்கள்.

தமிழ்நாடு என்றதும் திண்டுக்கல் நினைவுக்கு வருகிறது. அங்கே நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையின் துணிகளை அமெரிக்கச் சுங்க இலாகா 2022 ஜூலையில் நிறுத்திற்று. செப்டம்பரிலேயே விடுவித்தது. சைம் டார்பிக்கு இரண்டாண்டுக்கு மேல் ஆனது. இங்கே ஆறு வாரத்துக்குள் முடிந்தது எப்படி? அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலிலேயே நிறுவனத்தோடும் துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் ஓர் உடன்பாடு கண்டிருந்தது. மேற்பார்வையாளரின் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சுங்க இலாகா கேட்ட கேள்விக்கு நிறுவனம் அமர்த்திய தணிக்கையாளர் மட்டும் பதில் சொல்லவில்லை. மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்களின் சங்கமும் பதில் சொன்னது. வாங்குகிறவன் நாட்டுச் சட்டம் பெரிய தடி. அதைச் சுழற்றினால் அடி சில சமயம் தொழிலாளியின் வேலையின்மீதே விழும். ஆர்டர் நின்றால் முதலில் நிற்பது ஓவர்டைம், அடுத்தது வேலை. தடியின் ஒரு முனையைத் தொழிலாளியும் பிடித்திருந்ததால் திண்டுக்கல்லில் அது நன்மையாக முடிந்தது. இதை நம் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் கிளைத் தலைவர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

சரி, அந்தத் தாயார் கொண்டு வந்த தாள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நாம் ஈஜோக் போயிருந்தோம். கிழவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். எந்த மரம் எந்த வருஷம் நட்டது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். நிலத்தின் நடுவில் ஒரு மரத்தடியில் நின்று, பேத்தியின் கையிலிருந்த கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, இருக்கும் இடத்தை அழுத்தச் சொன்னோம். எண்கள் வந்தன. அவள் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். நாம் தாளில் எழுதினோம். தாயார் கிராண்டையும் உரிமத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். உரிமத்தில் முடிவு நாள் நெருங்கியிருந்தது. அதைப் புதுப்பித்துவிடும்படி சொன்னோம். நிரப்பிய தாளை அப்படியே கொடுத்துவிடாமல் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படியும், வாங்கிக்கொண்ட வியாபாரியிடம் தேதியும் கையெழுத்தும் கேட்டு வாங்கும்படியும் சொன்னோம். சிறு தோட்டக்காரர்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் பெறும் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் திட்டம் இருக்கிறது, எம்.பி.ஓ.பி. அலுவலகத்தில் போய்க் கேட்கலாம் என்பதையும் தெரிவித்தோம்.

கிழவர் அந்த எண்களை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இதைப் பார்த்தா வெள்ளைக்காரனுக்கு என் நிலம் தெரியுமா வாத்தியாரே?"

"தெரியும் ஐயா. இந்த மரம்கூடத் தெரியும்."

"நாப்பது வருஷம் வெட்டின தோட்டத்துல என் பேரு மேனேஜருக்கே தெரியாது. செக்ரோல்ல நம்பர்தான்" என்றார். பிறகு தாளை மருமகளிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சம்பளச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன, அவற்றையும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றோம்.